சுவாஹிலி வாக்கியத்தை தலையிலிருந்து படிக்கணும்

தான்சானியாவுல இருக்கிற டார் எஸ் சலாம் நகரத்துல காரியாக்கோ சந்தைப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை, நான் சுவாஹிலி கத்துக்க ஆரம்பிச்சு அப்போ ரெண்டு வாரம் கூட ஆகல. கடைக்காரர் யார்கிட்டயோ பேசும்போது "விட்டாபு, விட்டாபு"ன்னு நாலஞ்சு தடவை சொன்னார், என்னன்னு பாக்கலாம்னு டிக்‌ஷனரியை எடுத்து 'வி' பக்கத்துல தேடினா அப்படி ஒரு வார்த்தையே இல்ல. அவர்கிட்டயே கேட்டேன், சிரிச்சுக்கிட்டே 'கி' பக்கத்தை திருப்பிக் காமிச்சார். கிட்டாபுன்னா புத்தகம், விட்டாபுன்னா புத்தகங்கள்.

தமிழ்ல 'புத்தகம்'ங்கிற சொல் பன்மையானா வால் மாறும், புத்தகங்கள். அங்க வால் அப்படியே இருக்கு, தலை மாறுது. இது ஏதோ ஒரு வார்த்தைக்கு மட்டும் இருக்கிற பழக்கம்னு தான் அப்ப நினைச்சேன். போகப் போக தெரிஞ்சது, அந்த மொழியோட வாக்கியம் முழுக்க இப்படித்தான் கட்டியிருக்காங்க. நாம வால்ல செய்ற வேலையில பெரும்பகுதியை அவங்க தலையில செய்றாங்க. இது ஒண்ணு மனசுல உக்காந்துட்டா பாக்கி எல்லாம் ரொம்ப வேகமா வரும், அதனால இந்தக் கட்டுரையில அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு போறேன்.

மொழியைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். சுவாஹிலி ஆப்பிரிக்காவோட பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தான்சானியா, கென்யா ரெண்டுலயும் நாடு முழுக்க பேசுறாங்க, உகாண்டாவுலயும் காங்கோவோட கிழக்குப் பக்கத்துலயும் உண்டு. பேரு அரபியில கடற்கரைங்கிற சொல்லோட பன்மையிலிருந்து வந்தது, கடற்கரைக்காரங்க மொழின்னு அர்த்தம். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு பேச்சு வழக்கு இருந்துச்சு, மொம்பாசாவுக்கு ஒண்ணு, சான்சிபாருக்கு ஒண்ணு. 1928-ல மொம்பாசாவுல நடந்த கூட்டத்துல சான்சிபார் பேச்சைத்தான் பொது வழக்கா எடுத்துக்கிட்டாங்க, இன்னைக்கு பாடப்புத்தகத்துல இருக்கிறது அதோட வழி வந்தது. 1954 ஜூலை 7 அன்னைக்கு பின்னாடி தான்சானியாவோட முதல் அதிபரான நியெரெரேவோட டானு கட்சி விடுதலைப் போராட்டத்துக்கு இந்த மொழியைத்தான் கையில எடுத்துச்சு, அந்த ஜூலை 7-ஐத்தான் 2021-ல யுனெஸ்கோ உலக சுவாஹிலி நாளா அறிவிச்சது.

எழுத்து பத்தி ஒரு வார்த்தை. இங்க எல்லாத்தையும் தமிழ் எழுத்துல எழுதுறேன், துண்டு துண்டா பிரிச்சுக் காட்ட நடுவுல கோடு போடுறேன். 'டு'ன்னு வந்தா டிக்கெட்ல வர்ற ட மாதிரி, 'ச' வந்தா சந்தையில வர்ற மாதிரி, 'ச்ச' வந்தா பச்சையில வர்ற மாதிரி படிங்க. உச்சரிப்பு அவ்வளவு கஷ்டம் இல்ல, எந்த வார்த்தையா இருந்தாலும் கடைசிக்கு முந்தின அசையில அழுத்தம் குடுத்தா போதும்.

இப்ப வினைச்சொல்லுக்கு வருவோம், மொழியோட உயிர் அங்க தான் இருக்கு.

'படிக்கிறேன்'ங்கிற தமிழ்ச் சொல்லை உடைச்சுப் பாருங்க. படி, அப்புறம் நிகழ்காலத்துக்கு க்கிற், கடைசியில நான்னு சொல்ற ஏன். படி-க்கிற்-ஏன். செயல் முதல்ல, காலம் நடுவுல, ஆள் கடைசியில. சுவாஹிலியில இதுக்கு நி-னா-சோமா. நி-ன்னா நான், னா-ன்னா நிகழ்காலம், சோமா-ன்னா படி. ஆள், காலம், செயல். நம்ம சொல்லை கண்ணாடியில காட்டின மாதிரி அதே மூணு துண்டு, தலைகீழா. தமிழ் பேசுற யாருக்கும் இது புது யோசனையே இல்ல, ஒரே வினைச்சொல்லுக்குள்ள ஆளையும் காலத்தையும் ஒட்டி வைக்கிறது நமக்கு குழந்தையிலிருந்து வர்ற பழக்கம். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவங்க இந்த இடத்துல ரொம்ப நேரம் நிப்பாங்க, நாம நிக்க வேண்டிய அவசியம் இல்ல.

ஆளுக்கு ஆறு தலை. நான்னா நி, நீன்னா உ, அவன் அவள் அவர் மூணுக்கும் சேர்த்து அ, நாமன்னா டு, நீங்கன்னா ம், அவங்கன்னா வா. காலத்துக்கு நாலு துண்டு தெரிஞ்சா முதல் மூணு மாசம் ஓட்டிடலாம். னா நடக்கிறது, லி நடந்தது, டா நடக்கப்போறது, மெ நடந்து முடிஞ்சு அதோட விளைவு இப்பவும் இருக்கிறது. நி-லி-சோமா படிச்சேன், டு-டா-சோமா படிப்போம், வா-மெ-சோமா படிச்சிருக்காங்க. இந்த மெ-யை கொஞ்சம் கவனிக்கணும், 'அ-மெ-லாலா'ன்னா தூங்கிட்டு இருக்கான், 'அ-மெ-கா'ன்னா உக்காந்திருக்கான். நாம 'உக்காந்திருக்கான்'னு சொல்லும்போது உக்காந்த செயல் முடிஞ்சுபோச்சு, அந்த நிலை மட்டும் தொடருதுங்கிறதை 'இருக்கான்' சொல்லுது இல்லையா, அதே வேலையைத்தான் மெ செய்யுது. ஆங்கிலம் வழியா கத்துக்கிறவங்க இதுக்கு ஒரு பத்தி விளக்கம் படிக்கணும், நமக்கு 'இருக்கு'ங்கிற ஒரு சொல்லு போதும்.

'அ' பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். அ-னா-கூஜா-ன்னா வர்றான், வர்றா, வர்றார், எல்லாமே. ஆண் பெண் பேதம் இல்ல, மரியாதைக்கு தனி வினைமுற்றும் இல்ல. மரியாதை இல்லாத மொழின்னு எடுத்துக்கக் கூடாது, பெரியவங்களைப் பாத்தா 'ஷிக்கமோ'ன்னு சொல்லாம போகக்கூடாது, அவங்க 'மரஹாபா'ன்னு பதில் சொல்லுவாங்க. மரியாதை இருக்கிற இடம் வேற, அவ்வளவுதான். இன்னொண்ணு, நாய் வந்தாலும் அதே அ-னா-கூஜா தான். சிம்பா-ன்னா சிங்கம், 'சிம்பா அ-னா-லாலா', சிங்கம் தூங்குது. மனுஷனுக்குப் போடுற அதே அ. நாம ஸ்கூல்ல உயர்திணை, அஃறிணைன்னு படிச்சோம், மனுஷங்க ஒரு பக்கம், பாக்கி எல்லாம் இன்னொரு பக்கம். சுவாஹிலியில கோடு வேற இடத்துல போட்டிருக்காங்க, மூச்சு விட்டு நடமாடுற எல்லாமே ஒரு பக்கம், மரமும் கல்லும் நாற்காலியும் வேற பக்கம். எனக்கு இந்த மொழி பிடிச்சுப் போனதுக்கு முதல் காரணமே இதுதான்னு சொல்லலாம்.

இப்ப பெயர்ச்சொல். புதுசா வர்றவங்க பயந்து ஓடுற இடம் இது, நிதானமா பாத்தா பயப்பட ஒண்ணும் இல்ல.

நமக்கு ரெண்டு திணை, அவங்களுக்கு அது மாதிரி நிறைய வகுப்பு. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஏதாவது ஒரு வகுப்புல இருக்கும், அந்த வகுப்போட அடையாளம் சொல்லோட தலையில ஒட்டியிருக்கும், ஒருமைக்கு ஒண்ணு பன்மைக்கு ஒண்ணுன்னு ஜோடியா. ம்-டோட்டோ குழந்தை, வா-டோட்டோ குழந்தைங்க. ம்-டி மரம், மி-டி மரங்கள். கி-ட்டி நாற்காலி, வி-ட்டி நாற்காலிகள். எம்பே மாம்பழம், மா-எம்பே மாம்பழங்கள். ண்டிஸி வாழைப்பழம், அதுக்கு பன்மையிலும் ண்டிஸி தான்.

ஆனா விஷயம் இதோட முடியல. தமிழ்ல 'நல்ல புத்தகம் விழுந்துச்சு', 'நல்ல புத்தகங்கள் விழுந்துச்சு'ன்னு சொல்லும்போது 'நல்ல'ங்கிற சொல்லுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. சுவாஹிலியில பெயரோட தலையில இருக்கிற அடையாளம் பின்னாடி வர்ற எல்லாத்து மேலயும் ஏறி உக்காரும்.

கிட்டாபு கி-ஸூரி கி-மோஜா கி-மெ-அங்கூக்கா. நல்ல புத்தகம் ஒண்ணு விழுந்திருச்சு.

விட்டாபு வி-ஸூரி வி-வீலி வி-மெ-அங்கூக்கா. நல்ல புத்தகம் ரெண்டு விழுந்திருச்சு.

வாய் விட்டு சொல்லிப் பாருங்க. கி கி கி கி, வி வி வி வி. நம்ம பாட்டுல மோனை வர்ற மாதிரி, ஒவ்வொரு சொல்லும் ஒரே எழுத்துல தொடங்குது, வாக்கியமே தன்னைத்தானே கோத்துக்குது. இது அலங்காரத்துக்கு இல்ல, வேலைக்கு. 'நல்ல'ங்கிறது எதைப் பத்தி, 'விழுந்துச்சு'ங்கிறது எதைப் பத்தின்னு அந்த எழுத்தே காட்டிக் குடுத்துடும். ஒரு வாக்கியத்துல குழந்தையும் நாற்காலியும் ரெண்டுமே இருக்கு, கடைசியில 'கி-மெ-வுன்ஜீக்கா'ன்னு வருதுன்னா உடைஞ்சது நாற்காலி தான், குழந்தைக்கு ஒண்ணும் ஆகலன்னு அந்த கி-யிலேயே தெரிஞ்சுடும்.

வேற வகுப்பை வச்சும் அதே வாக்கியத்தை சொல்லிப் பாக்கணும், அப்பதான் கை வரும். குழந்தைன்னா 'ம்டோட்டோ ம்-ஸூரி ம்-மோஜா அ-மெ-அங்கூக்கா', பன்மையில 'வாடோட்டோ வா-ஸூரி வா-வீலி வா-மெ-அங்கூக்கா'. மரம்னா 'ம்டி ம்-ஸூரி ம்-மோஜா உ-மெ-அங்கூக்கா', பன்மையில 'மிடி மி-ஸூரி மி-வீலி இ-மெ-அங்கூக்கா'. குழந்தைக்கும் மரத்துக்கும் தலை ரெண்டும் ம் தான், ஆனா வினைக்கு வரும்போது குழந்தைக்கு அ, மரத்துக்கு உ. அதனால தான் சொல்றேன், வார்த்தையை மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க, வார்த்தை கூடவே பன்மையையும் அதுக்கு வினையில வர்ற எழுத்தையும் சேத்து ஒரே மூச்சுல மனப்பாடம் பண்ணுங்க, ம்டி மிடி உ இ, கிட்டி விட்டி கி வி, இப்படி. அட்டவணையை சுவத்துல ஒட்டி வச்சுப் பாத்து எனக்கு ஒண்ணும் ஏறல, சின்னச் சின்ன வாக்கியமா சொன்னதுதான் நின்னுச்சு.

எல்லா சொல்லும் இந்த எழுத்தை சுமக்காதுங்கிறது ஒரு ஆறுதல். எண்ணுல ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும், அப்புறம் எட்டு, இதுங்க மட்டும் மாறும். ஆறு, ஏழு, ஒன்பது மூணும் அரபியிலிருந்து வந்த சொல், சீட்டா, சாபா, டீசா, அதுங்க யாருக்கும் வளைஞ்சு குடுக்காது, பத்துக்கான கூமியும் மாறாது. விட்டாபு வி-டாட்டு, மூணு புத்தகம். விட்டாபு சீட்டா, ஆறு புத்தகம். சுத்தம்னு சொல்ற சாஃபி மாதிரி அரபியிலிருந்து வந்த அடைமொழிகளும் அப்படியே தான் நிக்கும்.

வெளியிலிருந்து வந்த சொல்லை இந்த மொழி எப்படி தன்னோட வழிக்கு கொண்டு வருதுங்கிறதுக்கு கிட்டாபுவே உதாரணம். அது அரபிச் சொல், கிதாப். அரபியில பன்மை குதுப். அந்த 'கி' வேர்ச்சொல்லோட பாகம், முன்னொட்டு இல்ல. சுவாஹிலி காதுக்கு அது கி-வகுப்பு மாதிரியே கேட்டுச்சு, வி போட்டு விட்டாபுன்னு பன்மை பண்ணிட்டாங்க. ரவுண்டானாவுக்கு ஒரு சொல் இருக்கு, கிபிலெஃப்டி. ஆங்கிலத்துல இடது பக்கமா போன்னு எழுதி வச்ச பலகையிலிருந்து வந்தது, அதுக்கும் பன்மை விபிலெஃப்டி. நம்ம பக்கத்து சொல்லும் நிறைய உண்டு, வண்டிக்கு காரி, அது இந்தியோட காடி, பன்மை மா-காரி. கடைக்கு டூகா, பன்மை மா-டூகா. லட்சத்துக்கு லாக்கி. 2007-ல கென்யாவுல தொடங்கின எம்-பெஸா மொபைல் பணத்துல இருக்கிற பெஸாவும் நம்ம பைசா தான்.

வகுப்பு மாறினா அர்த்தமே மாறும், இது தான் எனக்கு இந்த மொழியில ரொம்பப் பிடிச்ச இடம். 'டு'ன்னு ஒரு வேர். ம்-டு மனுஷன், கி-ட்டு பொருள், ஜி-டு ராட்சசன், உ-டு மனிதத்தன்மை. எம்பே மாம்பழம், மரமாக்கணும்னா மரவகுப்போட தலையை வைங்க, ம்-வெம்பே மாமரம். நாஸி தேங்காய், ம்-நாஸி தென்னை. இங்கிலாந்துக்காரர் ம்-விங்கெரேஸா, அவர் நாடு உ-இங்கெரேஸா, அவர் மொழி கி-இங்கெரேஸா. சுவாஹிலியையே அவங்க கிஸ்வாஹிலின்னு தான் சொல்லுவாங்க, தமிழுக்கும் கிதமில்னு அதே கி தான். மொழி பேரா இருந்தா தலையில கி.

சரி, சொல்லு வரிசை. நாம எழுவாய், செயப்படுபொருள், பயனிலைன்னு சொல்லுவோம், அவங்க எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். இதை விட முக்கியமா எனக்குப் பட்டது என்னன்னா வேற்றுமை உருபு அங்க இல்ல. 'ஜூமா ஆஷாவை விரும்புறான்', இதையே 'ஆஷாவை ஜூமா விரும்புறான்'னு மாத்திப் போட்டாலும் நமக்கு அர்த்தம் கெடாது, அந்த 'ஐ' காப்பாத்திடும். சுவாஹிலியில 'ஜூமா அ-னா-ம்-பெண்டா ஆஷா'. பேரை இடம் மாத்தி 'ஆஷா அ-னா-ம்-பெண்டா ஜூமா'ன்னு சொன்னா விரும்புறது ஆஷான்னு ஆயிடும். பேருல எந்த மாத்தமும் இல்ல, இடம் தான் சொல்லுது.

அந்த வினைக்குள்ள நடுவுல ஒரு ம் இருக்கு பாத்தீங்களா, அது 'அவனை, அவளை'. தலையில யார் செய்றா, அப்புறம் காலம், அப்புறம் யாருக்கு, அப்புறம் செயல். அ-னா-ம்-பெண்டா, அவன் இப்ப அவளை விரும்பு. 'உன்னை'க்கு கு, 'என்னை'க்கு நி. நி-னா-கு-பெண்டா, நான் உன்னை விரும்புறேன். மூணு சொல்லுல நாம சொல்றது ஒரே சொல்லுல முடிஞ்சுபோச்சு. பெயர்ச்சொல்லுக்கு வெளியில ஒட்ட வேண்டிய உருபை வினைக்கு உள்ள தூக்கி வச்சுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டா சரியா வரும். 'மாமா அ-லி-ம்-பா ம்டோட்டோ ண்டிஸி', அம்மா குழந்தைக்கு வாழைப்பழம் குடுத்தாங்க. குழந்தை-க்கு-ங்கிற 'கு'வோட வேலையை அந்த ம் பாக்குது. ஆமா, அங்க மாமான்னா அம்மா, தாய்மாமனுக்கு ம்ஜோம்பா, அக்காவுக்கு டாடா. உறவுச் சொல்லை முதல்லயே சரியா கத்துக்கறது நல்லது.

அடைமொழியும் உடைமையும் பெயருக்குப் பின்னாடி தான். 'வாத்தியார் வீடு' அங்க 'ந்யூம்பா யா ம்வலீமு', வீடு, அதோட, வாத்தியார். நடுவுல வர்ற 'யா' வீட்டோட வகுப்புக்கு ஏத்தது. புத்தகமா இருந்தா 'ச்சா', புத்தகங்கள்னா 'வ்யா', பிள்ளையா இருந்தா 'வா'. சொந்தமான பொருள் தான் எழுத்தை முடிவு பண்ணுது, சொந்தக்காரர் இல்ல. எது தலைமையான சொல்லோ அதை முதல்ல வச்சுட்டு பாக்கியை பின்னாடி கோத்துக்கிட்டே போவாங்க, நாம எல்லாத்தையும் முன்னாடி அடுக்கிட்டு கடைசியில தலைமைச் சொல்லை வைக்கிறோம். 'என்னோட நல்ல ரெண்டு புத்தகம்'ங்கிறதை அவங்க சொல்ற மாதிரி சொன்னா 'புத்தகங்கள் என்னோட நல்ல ரெண்டு', விட்டாபு வ்யாங்கு விஸூரி விவீலி. இடத்துக்கு மட்டும் நம்மள மாதிரியே வால்ல ஒட்டுறாங்க, சோக்கோ சந்தை, சொக்கோ-னி சந்தையில. ஆனா சந்தைக்கு, சந்தையிலிருந்துன்னு தனித்தனி உருபு கிடையாது, மூணுக்கும் அதே னி, போனதா வந்ததான்னு வினையைப் பாத்து புரிஞ்சுக்கணும்.

எதிர்மறை. டூரிஸ்ட் எல்லாம் 'ஜாம்போ'ன்னு வணக்கம் சொல்லுவாங்க, ஊர்க்காரங்க சொல்றது 'ஹு-ஜாம்போ', பதில் 'சி-ஜாம்போ'. ஜாம்போன்னா விஷயம். ஹு 'நீ இல்ல', சி 'நான் இல்ல'. உனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லையே, எனக்கு ஒண்ணும் இல்ல, அப்படித்தான் அந்த வணக்கத்தோட உள்ளர்த்தம். இந்த வணக்கத்துக்குள்ளயே எதிர்மறையோட விதி இருக்கு. நான்-இல்லக்கு சி, நீ-இல்லக்கு ஹு, பாக்கி எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு ஹ வச்சா போதும், அவன் ஹ, நாம ஹ-டு, நீங்க ஹ-ம், அவங்க ஹ-வா. சி-சோமி படிக்கறதில்ல, நிகழ்காலத்துல னா போயிடும், கடைசி ஆ ஈ ஆகும். சி-கு-சோமா படிக்கல, அன்னைக்கு. சி-ஜா-சோமா இன்னும் படிக்கல. சி-டா-சோமா படிக்கமாட்டேன். நம்ம 'படிக்கல'ங்கிற பேச்சுச் சொல்லுல நானா அவனான்னு ஒண்ணுமே இருக்காது, 'நான் படிக்கல, அவன் படிக்கல', ரெண்டும் ஒண்ணு. சுவாஹிலியில முதல் அசையிலேயே யாரு, இல்லன்னு ரெண்டும் சேந்து வந்துடும். எதிராளி வாயைத் திறந்த உடனே இல்லன்னு தெரிஞ்சுடும், நம்ம மாதிரி கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஹகூனா மட்டாட்டாவும் இப்படித்தான், கூனா இருக்கு, ஹ-கூனா இல்ல, மட்டாட்டா தொல்லை.

அடுத்தது டலா டலா, அங்க ஓடுற மினி பஸ். இறங்கணும்னா ஜனங்க 'ஷூஷா!'ன்னு குரல் குடுப்பாங்க. நான் படிச்சது ஷூக்கா, இறங்குங்கிறதுக்கு. ஏன் ஷூஷான்னு சொல்றாங்கன்னு கூட வேலை பாக்கிற நண்பர்கிட்ட கேட்டேன். ஷூக்கான்னா இறங்கு, ஷூஷான்னா இறக்குன்னார். கண்டக்டர்கிட்ட 'என்னை இறக்கி விடு'ன்னு சொல்றாங்க. அவ்வளவு தான், எனக்கு ஒரு கதவே திறந்த மாதிரி ஆயிடுச்சு. இறங்கு-இறக்கு, திரும்பு-திருப்பு, நிரம்பு-நிரப்பு, தன்வினை பிறவினைன்னு நாம படிச்சது அப்படியே அங்க இருக்கு. கெவூக்கா திரும்பு, கெவூஸா திருப்பு. ஜா நிரம்பு, ஜாஸா நிரப்பு. ஆம்கா எழு, ஆம்ஷா எழுப்பு. புங்கூவா குறை, அதாவது தானா குறையறது, புங்கூஸா குறைச்சுக் குடு. காரியாக்கோவுல பேரம் பேச இந்த ஒரு சொல்லு போதும், 'புங்கூஸா பெய்', விலையை குறைங்க. எதிர்ப்பக்கமாவும் போகும், வூன்ஜா உடை, வுன்ஜீக்கா உடைஞ்சு போ.

இந்த மாத்தம் மட்டும் தலையில நடக்கறதில்ல, வேருக்குப் பின்னாடி வால்ல நடக்குது, நம்மள மாதிரியே. ஆளும் காலமும் முன்னாடி, செயலோட தன்மை பின்னாடின்னு ஞாபகம் வச்சுக்கலாம். பீக்கா சமை, பிக்கீயா ஒருத்தருக்காக சமை, பீக்வா சமைக்கப்படு. பெண்டா விரும்பு, பெண்டானா ஒருத்தரையொருத்தர் விரும்பு. ஃபூங்கா மூடு, ஃபுங்கூவா திற. குன்ஜா மடி, குன்ஜூவா விரி. செயலை பின்னோக்கி ஓட்டுறதுக்குன்னே ஒரு சின்ன துண்டு வச்சிருக்காங்க, அந்த 'ஊ'. நமக்கு இப்படி ஒண்ணு இல்ல, மூடுக்கும் திறக்கும் உறவே இல்லாத ரெண்டு சொல்லு வச்சிருக்கோம்.

நீளமான வாக்கியத்துக்கு வந்தா இன்னொரு வித்தியாசம். 'சந்தைக்குப் போயி, வாழைப்பழம் வாங்கி, வீட்டுக்குத் திரும்பினேன்'. நம்ம வாக்கியத்துல போயி, வாங்கி ரெண்டுலயும் யாருன்னு இல்ல, எப்பன்னும் இல்ல, கடைசி 'திரும்பினேன்' வந்து தான் எல்லாத்துக்கும் ஆளும் காலமும் குடுக்குது. அவங்க சொல்றது 'நி-லி-எண்டா சொக்கோனி, நி-கா-நுனூவா ண்டிஸி, நி-கா-ரூடி ந்யும்பானி'. முதல் வினையில லி வந்து நடந்த காலம்னு சொல்லிடுச்சு, அதுக்கப்புறம் வர்றதெல்லாம் கா போட்டுக்குது, அந்த கா-வுக்கு 'அப்புறம்'னு அர்த்தம். கதை சொல்றப்ப இந்த கா கா கா வரிசையா வரும், கேக்க ரொம்ப நல்லா இருக்கும். அதோட ஒவ்வொரு வினையிலயும் நி இருக்கு, இந்த வரிசையில ஒரு வினையும் ஆள் இல்லாம நிக்கறதில்ல. 'படிச்சா பாஸாவே'ங்கிறதும் அப்படித்தான், உ-கி-சோமா உ-டா-ஃபவூலு, நம்ம 'படிச்சா'வுல யாருமே இல்ல, அவங்க 'உகிசோமா'வுல நீ இருக்க. தமிழ்ல யோசிச்சு சுவாஹிலி பேசுறப்ப நடு வினையில ஆளை விட்டுட்டு போறது தான் நம்ம ஆளுங்க அதிகமா செய்ற தப்பு.

'நான் படிச்ச புத்தகம்' மாதிரி பெயரெச்சமும் இதே கதை தான், பெயர் முதல்ல வரும், 'கிட்டாபு நி-லி-ச்சோ-சோமா'. நடுவுல இருக்கிற ச்சோ, புத்தகத்தோட கி தான் உருமாறி வந்திருக்கு. புத்தகங்கள்னா நி-லி-வ்யோ-சோமா. 'படிக்கிற ஆள்' ம்டு அ-னா-யெ-சோமா. முதல்ல காதுல பிடிபடாது, ஒரு மாசம் கழிச்சு திரும்பி வாங்க, தானா விளங்கும்.

இப்ப ஒரு நீளமான சொல்லை எடுத்து பிரிச்சுப் பாப்போம். ஹவடடுசொமேயா. டிக்‌ஷனரியில இப்படியே தேடினா கிடைக்காது, வினையை வேர்லதான் தேடணும், அதனால தலையிலிருந்து உரிக்கணும். ஹ, இல்ல. வா, அவங்க. டா, இனிமே. டு, எங்களுக்கு. பாக்கி சொமேயா, அது சோமாவோட 'ஒருத்தருக்காக'ங்கிற எ சேந்தது. எங்களுக்குப் படிச்சுக் காட்டமாட்டாங்க. நம்ம சொல்லை வாலிலிருந்து திருப்பிப் படிங்க, ஆங்க, மாட்டு, காட்டு, படி. அவங்க சொல்லை தலையிலிருந்து படிங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒரே வரிசையில வரும். பஸ் பலகை, பேப்பர் தலைப்பு, கடை போர்டுன்னு கண்ணுல படுற ஒவ்வொரு நீளமான சொல்லையும் நான் இப்படித்தான் உரிச்சுக்கிட்டே இருந்தேன், ஆறு மாசத்துல உரிக்காமலே புரிய ஆரம்பிச்சது.

உரிச்சுப் பாக்க ஒரு பழமொழி தர்றேன். 'ஹாபா னா ஹாபா ஹு-ஜாஸா கிபாபா'. ஹாபான்னா கொஞ்சம், னா-ன்னா இங்க 'உம்', கிபாபா தானியம் அளக்கிற ஒரு சின்ன படி. இந்த ஹு எதிர்மறை ஹு இல்ல, எப்பவும் நடக்கிறதைச் சொல்ற ஹு, இது ஆளைக் கூட சேத்துக்காம நிக்கும், யார் செஞ்சாலும் எப்ப செஞ்சாலும் அப்படித்தான்னு பழமொழிக்கு ஏத்த மாதிரி. ஜாஸா, நிரம்புங்கிற ஜா-விலிருந்து வந்த நிரப்பு. கொஞ்சமும் கொஞ்சமும் படியை நிரப்பும். நாம சிறு துளி பெரு வெள்ளம்னு வினையே இல்லாம சொல்லிட்டுப் போறதை அவங்க ஹு வச்சு சொல்றாங்க.